டிஸ்சார்ஜ் தாளில் இன்னும் ஒரு பக்கம்: முதுகுத்தண்டு அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதுகுத்தண்டு அறுவை மருத்துவர்களுக்கும், வார்டில் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் எழுதும் இளம் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் மருந்துக் கடைகளில் பணிபுரியும் மருந்தாளுநர்கள். ஜவ்வு விலகலுக்கோ, நரம்புப் பாதை சுருங்கியதற்கோ, ராடும் ஸ்குருவும் வைத்தோ அறுவை முடித்து வீடு திரும்புகிறவர்கள் அடுத்து வந்து நிற்பது எங்கள் கவுண்டரில்தான். அவர்கள் நீட்டும் தாளைப் பற்றித்தான் இந்த மடல்.

தாளின் முதல் பக்கங்கள் நன்றாகவே இருக்கின்றன. எந்த மட்டத்தில் அறுவை, எத்தனை ஸ்குரு, ரத்தம் எவ்வளவு போனது, எல்லாம் உண்டு. கடைசிப் பக்கத்தில் ஐந்தாறு வரி, காலை-மதியம்-இரவு என்ற கணக்கில்: அசெக்ளோஃபெனாக்–பாராசிட்டமால் 1-0-1, பான்டோபிரசோல் 1-0-0, பிரிகாபலின்–மெத்தில்கோபாலமின் 0-0-1, டிரமடால்–பாராசிட்டமால் தேவைப்பட்டால், ஒரு கால்சியம். பத்து நாள். "இரண்டு வாரம் கழித்து ரிவ்யூ." எந்த மாத்திரை எந்த வலிக்கு, எதுவரை, நிறுத்தும்போது எப்படி நிறுத்துவது என்று ஒரு சொல் இருக்காது. ஒன்றரை வருடம் கழித்து அதே தாள் மறுபடி வருகிறது. அசல் கிழிந்துவிடக் கூடாது என்று லேமினேட் செய்து வீட்டில் வைத்திருப்பார்கள். கையில் இருப்பது ஜெராக்ஸ். அதன் பின்புறம் பல கடைகளின் சீல், ஒன்றின் மேல் ஒன்றாக.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்தத் தாளோடு மருந்துத் திட்டம் என்று தமிழில் ஒரு பக்கம் சேர்த்துக் கொடுங்கள். ஏன் கேட்கிறோம், அதில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கவுண்டரில் பார்ப்பதை வைத்தே சொல்கிறோம்.

அறுவைக்குப் பிறகும் வலி நீடிப்பது அபூர்வம் அல்ல. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும் 10 முதல் 40 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் அது தொடர்கிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். நோயாளிக்குத்தான் யாரும் சொல்வதில்லை. "ஆபரேஷன் செஞ்சாச்சு, இனி வலிக்கக் கூடாது" என்று நம்பிப் போகிறவர், ஆறாவது வாரத்தில் காலில் எரிச்சல் குறையவில்லை என்றால் ஒன்று பயந்து போகிறார், அல்லது மாத்திரையைத் தானே கூட்டிக்கொள்கிறார்.

வெட்டுக் காயத்தின் வலியும் தசை வலியும் வாரங்களில் அடங்கும். அழுத்தம் எடுக்கப்பட்ட நரம்பு தேறுவதற்கு மாதங்கள் ஆகலாம். அறுவைக்கு முன்னிருந்த கால் வலி ஒரு நாள்கூட விடவில்லை என்றால் அழுத்தம் மிச்சமிருக்கலாம். கொஞ்ச காலம் நன்றாக இருந்து திடீரென்று வந்தால் ஜவ்வு மறுபடி பிதுங்கியிருக்கலாம். ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துப் புதிதாக இடுப்பில் வந்தால் எலும்பு சேராமல் ஸ்குரு தளர்ந்திருக்கலாம், பக்கத்து மட்டம் தேய்ந்திருக்கலாம், இடுப்பு மூட்டுப் பக்கத்து வலியாகவும் இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு. ஆனால் கவுண்டரில் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் வருகிறது: "அந்தப் பழைய மாத்திரையே குடுங்க."

அந்தப் பழைய மாத்திரையில் முதலில் கவலை தருவது அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் போன்ற, வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் வகை. பத்து நாளுக்கு எழுதியது பல மாதம் ஓடுகிறது. கூடவே வருகிற பான்டோபிரசோலைப் பார்த்து, "கேஸ் மாத்திரை சேர்த்துத்தானே சாப்பிடுறேன், ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். பான்டோபிரசோல் இரைப்பைக்குத்தான் காவல், சிறுநீரகத்துக்கு இல்லை. முதுகு அறுவை செய்துகொள்ளும் வயதில் பலர் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை எடுக்கிறவர்கள். டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரே மாத்திரை இங்கே மிகச் சாதாரணம். அதோடு ஒரு வலி மாத்திரை தினமும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தை மூன்று பக்கமும் இறுக்கியாகிவிட்டது. சித்திரை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்து, நாலு தடவை வயிற்றுப்போக்கும் போனால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை அளவு) ஏறுவதற்கு அது போதும். எனவே பிரஷர், சுகர், இதயம், சிறுநீரகம் ஏதாவது இருக்கிறவருக்கு இந்த வகை மாத்திரையை எழுதும்போது நிறுத்த வேண்டிய தேதியை எழுதுங்கள். "10 நாள்" என்று எழுதினால் அது எண்ணிக்கையாகத்தான் புரிந்துகொள்ளப்படுகிறது. இன்ன தேதிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது என்று எழுதினால்தான் கட்டளையாகப் புரிகிறது. எலும்பு இணைப்பு செய்தவருக்கு இந்த வகை வேண்டுமா, எத்தனை நாள் என்பதில் உங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் முடிவு எதுவானாலும் தாளில் இருக்கட்டும். இல்லையென்றால் அடுத்த தெரு கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுவிடுகிறார்கள், உங்களுக்குத் தெரியாமலே.

பாராசிட்டமால் கணக்கு இன்னொரு தொல்லை. பாதுகாப்பான மருந்துதான், ஆனால் அது எத்தனை மாத்திரைக்குள் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். அசெக்ளோஃபெனாக் கூட்டில் 325 மி.கி., இரண்டு வேளைக்கு 650. டிரமடால் கூட்டில் 325, இரண்டு வேளைக்கு 650. வீட்டில் இருக்கிற 650 மாத்திரை மூன்று, 1,950. மொத்தம் 3,250 மி.கி. ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 4,000 என்பது உச்ச வரம்பு. வயதானவர், எடை குறைந்தவர், குடிப்பழக்கம் உள்ளவர், கல்லீரல் கெட்டவர் என்றால் 3,000 அல்லது அதற்கும் கீழே நிற்க வேண்டும். மூன்று பெயரில் மூன்று அட்டை வைத்திருக்கிறவருக்கு அது ஒரே மருந்து என்று தெரிய வழியில்லை. "ஒரு நாளைக்கு மொத்தப் பாராசிட்டமால் இவ்வளவுக்கு மேல் வேண்டாம்" என்ற ஒரு வரி இதைச் சரிசெய்யும்.

நரம்பு மாத்திரை என்று ஊரே சொல்லும் பிரிகாபலினைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறு நடப்பது இதில்தான்.

இது போட்டவுடன் வலி போகும் மருந்து இல்லை. இரவில் 75 மி.கி.யில் தொடங்கி, ஒரு வாரம் பார்த்து, காலை இரவு 75, அப்புறம் தேவைப்பட்டால் 150 என்று படிப்படியாக ஏற்ற வேண்டியது. வயதானவருக்கு 25 அல்லது 50லிருந்து. கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம், நிமிடத்துக்கு மி.லி.) 60க்குக் கீழே இறங்கினால் அளவைப் பாதியாக்க வேண்டும், 30க்குக் கீழே அதிலும் பாதி. நடைமுறையில் நாங்கள் பார்ப்பது இரண்டு ஓரங்கள்: முதல் நாள் இரவு 75 என்று எழுதியதிலேயே இரண்டு வருடம் நிற்பவர்கள், அல்லது முதல் நாளே 150 விழுங்கி, காலையில் தலைசுற்றிக் கழிப்பறையில் விழுந்தவர்கள். புதிதாக ஸ்குரு வைத்த முதுகோடு விழுவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

பயன் இருக்கிறதா என்று பார்த்துத் தொடரும் பழக்கமும் இல்லை. காலில் இறங்கும் நரம்பு வலிக்குப் பிரிகாபலினைச் சோதித்து 2017ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட அது மேலாக எதுவும் செய்யவில்லை. தலைசுற்றல் மட்டும் கூடுதலாக வந்தது. அறுவைக்குப் பிந்தைய நரம்பு வலியில் சிலருக்கு நிச்சயம் கேட்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் சரியான அளவில் நான்கிலிருந்து ஆறு வாரம் கொடுத்துப் பார்த்து, கேட்கவில்லை என்றால் இறக்கிவிட வேண்டும். கால் வீக்கம், எடை கூடுவது, ஞாபகம் மந்தமாவது ஆகியவற்றுக்கு வேறு காரணம் தேடி மருத்துவரை மாற்றிக்கொண்டே இருக்கிறவர்கள் உண்டு. காரணம் கையில் இருக்கும் அட்டையில்தான் இருக்கிறது.

இறக்குவதும் அப்படியே. கையில் பணம் இல்லாமலோ, ஊருக்குப் போன இடத்தில் தீர்ந்துபோயோ சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மை, குமட்டல், வியர்வை, படபடப்பு, கூடவே வலி. "மாத்திரை விட்டா நோய் திரும்பிடுது" என்று முடிவுகட்டி அன்றைக்கே மறுபடி தொடங்குகிறார்கள். காலை 150, இரவு 150 எடுப்பவர் என்றால் வாரத்துக்கு 75 வீதம் குறைத்து நான்கு வாரத்தில் வெளியே வரலாம். பல வருடம் எடுத்தவருக்கு இன்னும் மெதுவாக. இதைச் செய்யவிடாமல் தடுப்பது கூட்டு மாத்திரைகள். பிரிகாபலினோடு மெத்தில்கோபாலமின், சிலவற்றில் நார்ட்ரிப்டிலின் 10 மி.கி.யும் சேர்ந்து வருகின்றன. ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும், ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நிற்கும். எஸ்ஆர் (மருந்தை மெதுவாக வெளியிடுவது) என்று எழுதிய மாத்திரையைப் பாதியாக உடைக்கவும் கூடாது. தயவுசெய்து தனி மருந்தாக எழுதுங்கள், விலையும் குறைவு. மெத்தில்கோபாலமின் வேண்டியது பி12 குறைவாக உள்ளவருக்கு. பல வருடம் மெட்ஃபார்மின் எடுக்கும் சுகர்காரர்களுக்கு அந்தக் குறைவு வரக்கூடும் என்பதால், சோதித்து எழுதினால் பொருள் உண்டு.

நரம்பு வலிக்கே எழுதப்படும் அமிட்ரிப்டிலின், டுலோக்செடின் இரண்டுக்கும் வேறு மாதிரித் தடை. பேத்தி செல்போனில் தேடிப் பார்த்து "தாத்தா, இது மனச்சோர்வு மாத்திரை" என்று சொல்ல, அன்றோடு நின்றுபோகிறது. "உங்களுக்கு இதை எழுதியது நரம்பு வலிக்குத்தான்" என்று நீங்கள் வாயால் சொன்னால் சாப்பிடுவார்கள். நாங்கள் சொன்னால் பாதிப் பேர்தான் நம்புகிறார்கள். அமிட்ரிப்டிலின் 10 மி.கி.யைப் படுக்கும்போது எடுத்தால் மறுநாள் பத்து மணி வரை மந்தம் இருக்கும். இரவு எட்டு மணிக்கே எடுத்தால் அந்தத் தொல்லை குறையும். ப்ராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு எழுதும்முன் கேட்டுவிடுங்கள். டுலோக்செடின் 30 மி.கி. உணவுக்குப் பின் ஓரிரு வாரம், பிறகு 60. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் வேண்டாம். காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டக் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. டுலோக்செடின் எடுப்பவருக்கு இன்னொரு கிளினிக்கில் டிரமடால் எழுதிவிட்டால் நடுக்கம், வியர்வை, பதற்றம் வரலாம். இரண்டு தாளும் எங்கள் கைக்கு ஒன்றாக வந்தால் கண்டுபிடித்துவிடுவோம். பெரும்பாலும் வருவதில்லை.

இனி ஓபியாய்டு (அபின் குடும்பத்து) வலி மாத்திரைகளான டிரமடால், டேப்பென்டடால். இங்கேதான் உங்கள் நோயாளி அவமானப்படுகிறார், அதனால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

டிரமடால், சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்1ல் இருக்கிறது. 2018 ஏப்ரலிலிருந்து போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வந்துவிட்டது. எச்1 மருந்து விற்றால் மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். டேப்பென்டடாலைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் இளைஞர்களிடம் பரவியதிலிருந்து போலீஸ் சோதனையும் கடுமை. பல மாவட்டங்களில் கடைக்குள் கேமரா கட்டாயம். விளைவாக, கணிசமான கடைகள் இந்த மருந்தை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. இடுப்பில் பெல்ட்டோடு, பழைய ஜெராக்ஸோடு வருகிறவரை மேலும் கீழும் பார்த்து "இல்லை" என்று அனுப்புகிறார்கள்.

மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளில் 65ஆம் விதி தெளிவாகவே இருக்கிறது. சீட்டில் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு வேண்டும். மறுபடி கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தாலன்றி ஒருமுறைக்கு மேல் கொடுக்கக் கூடாது. எத்தனை முறை, எத்தனை நாள் இடைவெளி என்று எழுதியிருந்தால் அதன்படி கொடுக்கலாம். அதாவது "டிரமடால் 50 மி.கி., இரவு ஒன்று, 14 மாத்திரை (பதினான்கு), மறுபடி தர வேண்டாம்" என்றோ, "15 நாளுக்கு ஒருமுறை, இரண்டு முறை மட்டும்" என்றோ உங்கள் பதிவு எண் படிக்கும்படி எழுதினால் எங்கள் கை கட்டு அவிழும். "தேவைப்பட்டால்" என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு கொடுக்கிற கடையும் உண்டு, மறுக்கிற கடையும் உண்டு. இரண்டிலும் கெடுவது நோயாளி.

எழுதும்போதே மலச்சிக்கலுக்கும் எழுதிவிடுங்கள். இந்த வகை மருந்து முதல் நாளிலிருந்தே குடலைக் கட்டும். முக்கினால் முதுகில் வலி ஏறும். வலி ஏறினால் இன்னொரு டிரமடால். இசப்கோல் மட்டும் இதற்குப் போதாது, தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு இன்னும் கெட்டிப்படுத்திவிடும். லாக்டுலோஸ் 15 மி.லி. அல்லது இரவில் பிசாகோடில் 5 மி.கி. என்று கூடவே இருக்கட்டும். டிரமடால் ஒரு நாளைக்கு 400 மி.கி.யைத் தாண்டக் கூடாது, 75 வயதுக்கு மேல் 300. வலிப்பு நோய் இருந்தவருக்கு வேண்டவே வேண்டாம். பிரிகாபலினும் டிரமடாலும் இரவில் ஒன்றாக, மேலே கொஞ்சம் மது, அல்லது தூக்க மாத்திரை என்றால் மூச்சு அடங்கும் ஆபத்து நிஜமானது. 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்தச் சேர்க்கை பற்றியே எச்சரித்தது. குறட்டை பலமாக விடுகிறவரா என்று கேட்டுப் பாருங்கள், பருமனானவர்களிடம் கூடுதல் கவனம் வையுங்கள்.

நீண்ட நாளுக்கு இந்த வகை மருந்து எவ்வளவு உதவும் என்பதற்கும் நல்ல பதில் இருக்கிறது. நாள்பட்ட முதுகு, இடுப்பு, முழங்கால் வலியில் ஒரு வருடம் ஒப்பிட்டு 2018ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓபியாய்டு எடுத்தவர்களின் அன்றாட நடமாட்டம் சாதாரண வலி மருந்து எடுத்தவர்களைவிட மேம்படவில்லை. ஆகவே முதல் வாரங்களைத் தாண்டித் தொடர வேண்டுமென்றால் அது யோசித்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். வழக்கத்தால் தொடரக் கூடாது. ஏற்கெனவே ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கிறவரை ஒரே நாளில் வெட்டிவிடுவதும் கொடுமை. மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம், அல்லது அதைவிட மெதுவாக, இடையில் நிறுத்தி நிறுத்திக் குறைப்பதே பாதுகாப்பு. சில வாரமே எடுத்தவருக்கு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு.

நாங்கள் கேட்கிற பக்கம் இப்படி இருந்தால் போதும்:

"அசெக்ளோஃபெனாக் 100: காய வலிக்கு. காலை, இரவு சாப்பிட்ட பின். மார்ச் 14க்குப் பிறகு சாப்பிடக் கூடாது. ஊசியாகவும் போடக் கூடாது.
பாராசிட்டமால் 650: காலை, மதியம், இரவு. ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம்.
பிரிகாபலின் 75: காலில் இறங்கும் எரிச்சலுக்கு. இரவு ஒன்று, ஏழு நாள். தலைசுற்றல் இல்லையென்றால் எட்டாம் நாள் முதல் காலையும் ஒன்று. ஏப்ரல் 18 அன்று பயன் பார்த்து முடிவு. தானாக நிறுத்தக் கூடாது.
டிரமடால் 50: தாங்க முடியாத இரவில் மட்டும் ஒன்று. மொத்தம் 10 மாத்திரை. மறுபடி இல்லை. கூடவே லாக்டுலோஸ்.
கிரியாட்டினின் 1.0, மார்ச் 4 அன்று."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் அளவு சரியா என்று எங்களாலும் பார்க்க முடியும்.

கீழே பெரிய எழுத்தில் இன்னொன்று. உட்காருமிடம் மரத்துப் போவது, சிறுநீர் வராமல் தங்குவது அல்லது தெரியாமல் போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது, காய்ச்சலோடு காயத்தில் நீர் வடிவது இருந்தால் மாத்திரையைக் கூட்டாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். அமிட்ரிப்டிலினும் டிரமடாலும் சிறுநீரைத் தடுக்கக்கூடியவைதான். ஆனால் "மாத்திரையால்தான் இருக்கும்" என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால், நரம்பைக் காப்பாற்ற வேண்டிய மணிநேரங்கள் போய்விடும்.

ரிவ்யூவில் "வலி பத்துக்கு எவ்வளவு" என்பதோடு, எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, கடைத்தெரு வரை நடந்து திரும்ப முடிகிறதா, இரவில் எத்தனை முறை விழிக்கிறார் என்று கேட்டு, அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். மாத்திரை வேலை செய்கிறதா என்பது அதில்தான் தெரியும். இரண்டாம், ஆறாம், பன்னிரண்டாம் வாரங்களுக்குத் தேதி போடுங்கள். பன்னிரண்டாம் வாரத்திலும் வலி இருந்தால் அதே சீட்டைத் திருப்பி எழுதாமல், மறுபடி பரிசோதனை, தேவையானால் ஸ்கேன், வலி சிகிச்சைப் பிரிவுக்குப் பரிந்துரை. இயன்முறைச் சிகிச்சைக்குத் தினமும் வர இயலாதவருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் ஏற்பாடு இருக்கிறது. அதையும் ஒரு வரி எழுதிவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்வது இது. அந்தப் பக்கத்தில் எங்கள் கடை சீலும் தேதியும் எண்ணிக்கையும் எழுதித் தருவோம். நிறுத்த வேண்டிய தேதி தாண்டிய மாத்திரையைத் தர மாட்டோம், ஏன் என்று நோயாளிக்குப் பொறுமையாகச் சொல்வோம். வேறு சீட்டில் மோதும் மருந்து இருந்தால் உங்களைக் கூப்பிடுவோம். அதற்கு அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் வேண்டும், மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை யாராவது எடுக்கிற எண். வார்டு நர்ஸ் எடுத்தாலும் போதும்.

இப்படிக்கு,
மருந்துக் கடைகளில் பணிபுரியும் மருந்தாளுநர்கள் சிலர்